தண்ணியில்லாக் காட்டுக்கு அனுப்பும் சொல்: 'ரெலிகேட்'டும் அதன் பங்காளிகளும்

அரசு அலுவலகங்களில் அடிக்கடி விழும் மிரட்டல் ஒன்று உண்டு: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்." சம்பளம் குறையாது, பதவியின் பெயர் மாறாது, பணிமூப்பும் அப்படியே இருக்கும். ஆனாலும் கேட்டவருக்கு வயிறு கலங்கும். 'ரெலிகேட்' என்ற ஆங்கில வினைச்சொல்லின் கருவில் இருப்பது இதே மிரட்டல்தான். அகராதியில் 'தாழ்த்து, பதவியிறக்கு' என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு, பதவியிறக்கத்துக்கான 'டிமோட்' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'ரெலிகேட்' எழுதுகிறவர்கள் பலர். அந்தக் காட்டை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறு குறைந்துவிடும்.

முதலில் எழுத்தும் உச்சரிப்பும். ஆர், இ, எல், இ, ஜி, ஏ, டி, இ என்று எட்டு எழுத்து. இரண்டாம் அசை காதுக்கு 'லி' என்று கேட்பதால் அங்கே 'ஐ' போடுவது மிகப் பரவலான பிழை. அங்கே வருவது 'இ'தான். அழுத்தம் முதல் அசையில்: ரெ-லி-கேட். பெயர்ச்சொல் ரெலிகேஷன், அதில் அழுத்தம் 'கே'யில் விழும்.

வேர் லத்தீன். 'லெகாரே' என்றால் ஒருவரைப் பொறுப்புக் கொடுத்து அனுப்புதல். முன்னால் ஒட்டிய 'ரெ' என்பதற்கு இங்கே 'அப்பால், விலக்கி' என்று பொருள். அப்பால் அனுப்பிவிடுதல், அவ்வளவுதான். ரோமானியச் சட்டத்தில் 'ரெலிகாஷியோ' ஒரு தண்டனையின் பெயர். தண்டனை பெற்றவர் ரோமை விட்டு வெளியேறி, சொன்ன இடத்தில் போய் இருக்க வேண்டும்; அல்லது சொன்ன இடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. குடியுரிமை பறிபோகாது, பொதுவாகச் சொத்தும் பறிபோகாது. அதைவிடக் கடுமையான 'டெபோர்டாஷியோ'வில் இரண்டும் போய்விடும். கவிஞர் ஓவிட் கி.பி. 8இல் பேரரசர் அகஸ்டஸின் ஆணையால் கருங்கடல் கரையிலுள்ள டோமிஸுக்கு அனுப்பப்பட்டார். இன்றைய ருமேனியாவின் கான்ஸ்டன்டா நகரம் அது. ஆணையில் தன்னை 'எக்ஸுல்' என்று சொல்லவில்லை, 'ரெலிகாட்டுஸ்' என்றுதான் சொல்லியிருக்கிறது என்று தன் கவிதையிலேயே அவர் வாதாடியிருக்கிறார். நாடுகடத்தப்பட்டவன் வேறு, ஒதுக்கி அனுப்பப்பட்டவன் வேறு என்பது அவர் கட்சி. ஊர் திரும்பாமலே அங்கேயே இறந்தார் என்பதால் அந்த வேறுபாட்டால் அவருக்கு லாபம் ஏதுமில்லை; நமக்கு உண்டு.

ஏனென்றால் 'ரெலிகேட்' இன்றும் அந்த வேறுபாட்டைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. ரெலிகேட் செய்யப்பட்ட ஆளோ பொருளோ அழிந்துபோவதில்லை, வேலையை விட்டுத் துரத்தப்படுவதும் இல்லை. முக்கியமில்லாத ஓர் இடத்துக்குத் தள்ளப்படுகிறது. இந்தச் சொல்லைப் பொறுத்தவரை இடந்தான் மையம். அதனால்தான் இதற்குப் பின்னால் ஏறக்குறைய எப்போதும் 'டு' வந்து, எங்கே தள்ளப்பட்டது என்பதும் சேர்ந்து வரும். 'ஹி வாஸ் ரெலிகேட்டட்' என்று மொட்டையாக எழுதினால், 'எங்கே?' என்ற கேள்வி வாசகர் மனதில் நிற்கும். 'ஹி வாஸ் ரெலிகேட்டட் டு தி பேக் பெஞ்சஸ்' என்றால் வாக்கியம் முழுமை பெறுகிறது. விளையாட்டுச் செய்தியில் மட்டும் மொட்டையாக விடலாம். அணி இறங்குவது எந்தப் பிரிவுக்கு என்பது ரசிகருக்கு ஏற்கெனவே தெரியும்.

இந்த 'டு' விஷயத்தில் ஒரு வழுக்கல் இருக்கிறது. அது வினையின் முன் வரும் 'டு' அல்ல, பெயரின் முன் வரும் 'டு'. எனவே அதன் பின் பெயர்ச்சொல்லோ 'இங்' சேர்த்த வினையோ வர வேண்டும். அணியில் இடம் கிடைக்காமல் தண்ணீர் பாட்டில் தூக்கும் வீரரைப் பற்றி எழுதும்போது 'ரெலிகேட்டட் டு கேரியிங் டிரிங்க்ஸ்' என்பதே சரி. 'ரெலிகேட்டட் டு கேரி டிரிங்க்ஸ்' தவறு.

செயப்பாட்டு வினையில் இது மிக அதிகமாக வருவதையும் கவனிக்கலாம். தள்ளியது யார் என்பதைச் சொல்லாமல் தப்பிக்க வசதியான சொல். பழைய டிவி விருந்தினர் அறைக்குப் போனது, ஆய்வுக் கட்டுரையில் முக்கியமான தகவல் அடிக்குறிப்புக்குப் போனது, மூத்த உறுப்பினர் கூட்டத்தில் கடைசி வரிசைக்குப் போனது என எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆளுக்கும் பொருந்தும், பொருளுக்கும் பொருந்தும், கருத்துக்கும் பொருந்தும். 'டிமோட்'டுக்கு அந்த அகலம் கிடையாது.

ஒரே வேரில் பிறந்த பங்காளி 'டெலிகேட்'. அதுவும் 'லெகாரே'விலிருந்து வந்ததுதான், ஆனால் குணம் நேர் எதிர். நம்பிக்கை வைத்துப் பொறுப்பை ஒப்படைப்பது டெலிகேட். ஒதுக்கித் தள்ளுவது ரெலிகேட். அலுவலக மின்னஞ்சலில் 'ஐ ஹேவ் ரெலிகேட்டட் திஸ் வொர்க் டு குமார்' என்று எழுதினால், வேலையையும் குமாரையும் ஒரே வரியில் மட்டந்தட்டியதாகிவிடும். முடிவெடுக்கும்படி ஒருவரிடம் அனுப்புதல் என்ற பொருளும் சில அகராதிகளில் 'ரெலிகேட்'டுக்கு இருக்கிறது, உண்மைதான். ஆனால் பழக்கத்தில் அருகிவிட்டது. புதிதாகக் கற்பவர் அதைத் தொடாமலிருப்பது நல்லது. இன்னொன்று: 'டெலிகேட்' பெயர்ச்சொல்லாக வரும்போது 'டெலிகெட்' என்று குறுகும், மாநாட்டுப் பிரதிநிதி என்ற பொருளில். 'ரெலிகேட்' வினையாக மட்டுமே வருவதால் அந்தக் குழப்பம் இதில் இல்லை.

கால்பந்தில் இந்தச் சொல்

'ரெலிகேஷன்' என்ற சொல்லை நம் ஊர் இளைஞர்களில் பெரும்பாலானோர் ஆங்கில வகுப்பில் கற்றதில்லை, இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக் பார்த்துக் கற்றவர்கள். அங்கே இது துல்லியமான தொழிற்சொல். 20 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டங்கள், பருவ முடிவில் புள்ளிப் பட்டியலின் கடைசி மூன்று அணிகள் கீழே உள்ள சாம்பியன்ஷிப் பிரிவுக்கு இறங்கும். அங்கிருந்து மூன்று அணிகள் மேலே வரும், அது புரமோஷன்.

இந்த ஏற்பாடு முதலிலிருந்தே இப்படி இருக்கவில்லை. இங்கிலாந்தின் கால்பந்து லீக் 1888இல் 12 அணிகளோடு தொடங்கியது. 1892இல் இரண்டாம் பிரிவு சேர்ந்தது. யார் ஏறுவது, யார் இறங்குவது என்பதைப் பருவ முடிவில் 'டெஸ்ட் மேட்ச்' என்ற தனி ஆட்டங்கள் தீர்மானித்தன. கிரிக்கெட் டெஸ்ட்டோடு இதற்குச் சம்பந்தமில்லை. 1898இல் அந்தச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் ஸ்டோக்கும் பர்ன்லியும் மோதின. சமநிலையில் முடிந்தாலே இரண்டு அணிக்கும் முதல் பிரிவில் இடம் உறுதி. எதிர்பார்த்தபடியே, யாரும் கோலடிக்க மெனக்கெடாத ஓர் ஆட்டம் 0-0 என்று முடிந்தது. கூச்சல் எழுந்தது. லீக் நிர்வாகம் டெஸ்ட் மேட்ச்சைத் தூக்கிவிட்டு, முதல் பிரிவை 18 அணிகளாக விரித்து, புள்ளிப் பட்டியலின்படி தானாக நடக்கும் ஏற்ற இறக்கத்தைக் கொண்டுவந்தது. ரெலிகேஷன் ஒரு நடுவரின் தீர்ப்பு அல்ல, கணக்கின் விளைவு என்ற எண்ணம் அப்போதிருந்து வேரூன்றியது.

கணக்கு யாரையும் விடாது என்பதற்கு மான்செஸ்டர் சிட்டி சாட்சி. 1937இல் சாம்பியன், அடுத்த பருவமே, 1938இல், அந்தப் பிரிவில் மற்ற எல்லா அணிகளையும்விட அதிக கோல் அடித்திருந்தும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. லெஸ்டர் சிட்டி 2016இல் பட்டம் வென்று 2023இல் கீழே போனது. 2007-08இல் டெர்பி கவுண்டி மொத்தமே 11 புள்ளி எடுத்து இறங்கியது.

இறங்கும் அணிக்குத் தொலைக்காட்சிப் பணம் சட்டென்று வற்றிவிடும் என்பதால், 'பாராசூட் பேமென்ட்' என்ற பெயரில் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் உதவித்தொகை உண்டு. ஒரே ஒரு பருவம் மேலே இருந்து திரும்பிய அணிக்கு இரண்டு ஆண்டுகள்தான். செய்தியில் அடிபடும் 'ரெலிகேஷன் ஸோன்' என்பது பட்டியலின் அந்தக் கடைசி மூன்று இடங்கள்; 'ரெலிகேஷன் பேட்டில்' என்பது அதிலிருந்து தப்பிக்கும் போராட்டம்.

தண்டனையாக இறக்குவதும் உண்டு. இத்தாலியில் நடுவர் நியமன முறைகேட்டு வழக்கில் 2006இல் யுவென்டஸ் அணி 'சீரி பி' என்ற இரண்டாம் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. அப்போது ஆங்கிலப் பத்திரிகைகள் 'ரெலிகேட்டட்' என்றும் எழுதின, 'டிமோட்டட்' என்றும் எழுதின. இரண்டும் சரியாகவே இருந்தது, ஏனென்றால் அங்கே ஒரு பிரிவிலிருந்து வெளியே அனுப்புவதும் நடந்தது, அதிகாரம் உள்ள ஒருவர் தரவரிசையில் இறக்குவதும் நடந்தது. சைக்கிள் பந்தயத்தில் வேறொரு நுணுக்கம்: இறுதி வேகப் பாய்ச்சலில் தன் பாதையை விட்டு விலகி மற்றவரை மறித்தவரை, அவர் வந்த கூட்டத்தின் கடைசி இடத்துக்குத் தள்ளுவதை 'ரெலிகேட்' என்பார்கள். பந்தயத்திலிருந்து நீக்குவது அதைவிடப் பெரிய தண்டனை, அதற்கு வேறு சொல்.

ஏணி இருந்தால் 'டிமோட்'

'டிமோட்' வயதில் சின்னது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் 'புரமோட்'டைத் தலைகீழாக்கிச் செய்த சொல். 'புரோ'வைக் கழற்றிவிட்டு 'டி' மாட்டியதோடு வேலை முடிந்தது. பிறப்பே அப்படி என்பதால், 'புரமோட்' பொருந்தும் இடத்தில்தான் 'டிமோட்'டும் பொருந்தும். அதாவது படிகளுள்ள ஓர் ஏணி வேண்டும்: காவல்துறை, ராணுவம், வங்கி, நிறுவனம். தலைமைக் காவலர் காவலராக இறக்கப்பட்டால் டிமோட். அவரைப் பதவி மாறாமல் பழைய ஆவணங்கள் தூசு படியும் அறைக்கு அனுப்பினால் ரெலிகேட். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம், அது அவர் ஜாதகம்.

வாக்கிய அமைப்பு: 'டிமோட்டட் ஃப்ரம் மேனேஜர் டு கிளார்க்'. எதிலிருந்து, எதற்கு என்ற இரண்டில் குறைந்தது ஒன்றாவது இருந்தால் தெளிவு.

ஏணியே இல்லாத இடத்தில் 'டிமோட்'டை நகைச்சுவையாகப் பயன்படுத்துவதும் உண்டு. மிகப் புகழ்பெற்ற உதாரணம் புளூட்டோ. 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம், கோள் என்பதற்குப் புதிய வரையறை வகுத்தது. அதில் புளூட்டோ தேறவில்லை, குறுங்கோள் ஆனது. விஞ்ஞானிகளின் நடுநிலைச் சொல் 'ரீகிளாசிஃபைடு', வகை மாற்றப்பட்டது. தலைப்புச் செய்திகளின் சொல் 'டிமோட்டட்'. புளூட்டோவுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் எல்லோரும் இரண்டாவதைப் படித்தவர்கள். அந்த ஆண்டின் சொல்லாக அமெரிக்க வட்டார மொழிச் சங்கம் 'புளூட்டோட்' என்பதைத் தேர்ந்தெடுத்தது: ஒருவரையோ ஒன்றையோ மதிப்பிறக்கு என்ற பொருளில் வினைச்சொல்லாக. பேச்சில் நிலைக்கவில்லை.

நம் அரசு அலுவலகத் தாளில்

இந்தியாவில் அரசுப் பணி ஆவணங்களைப் படிக்கிறவர்கள் 'டிமோஷன்' என்று தேடினால் கையில் அகப்படாது. அரசியலமைப்பின் 311(2) பிரிவு சொல்வது 'டிஸ்மிஸ்டு ஆர் ரிமூவ்டு ஆர் ரெடியூஸ்டு இன் ராங்க்'. முதல் இரண்டும் வேலையிலிருந்து அனுப்புவது; மூன்றாவதுதான் பதவியிறக்கம். இந்த மூன்றில் எதைச் செய்வதானாலும் குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரணை நடத்தி, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். அந்தப் பிரிவிலேயே சொல்லப்பட்ட சில விதிவிலக்குகள் தவிர. நியமித்த அதிகாரியைவிடக் கீழானவர் செய்யக் கூடாது என்ற 311(1)இன் பாதுகாப்பு முதல் இரண்டுக்கு மட்டும். 'ரெடியூஸ்டு இன் ராங்க்' அதில் இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளில், 11ஆம் விதி பதவியிறக்கத்தைப் பெருந்தண்டனைகளில் ஒன்றாக வைக்கிறது. எவ்வளவு தூரம் இறக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. ஒரு பதவிக்கு நேரடியாகத் தேர்வானவரை, அவர் ஒருநாளும் வகித்திராத அதற்குக் கீழான பதவிக்குத் தள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1988இல் சொன்னது.

இங்கே 'ரிவர்ட்' என்றொரு சொல் குறுக்கே வரும். "ரிவர்ட் பண்ணிட்டாங்க" என்று அலுவலகத்தில் சொன்னால், தற்காலிகமாக மேல் பதவி பார்த்தவரைத் தன் சொந்தப் பதவிக்குத் திருப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். வெளியே பார்க்க இதுவும் பதவியிறக்கந்தான். சட்டத்தின் கண்ணில் அப்படியல்ல: அந்த மேல் பதவிக்கு உரிமை இல்லாதவரை, தகுதி போதவில்லை என்றோ நிர்வாகக் காரணத்துக்காகவோ திருப்பி அனுப்பினால் அது தண்டனையே இல்லை என்று அதே 11ஆம் விதியின் விளக்கம் கூறுகிறது. ஆகவே மொழிபெயர்ப்பவர் 'ரிவர்ஷன்' என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு 'பதவியிறக்கம்' என்று போட்டால், தண்டனை பெறாதவரைத் தண்டனை பெற்றவராக்கிவிடுவார். 'முந்தைய பதவிக்குத் திருப்புதல்' என்று நீட்டி எழுதினால் வம்பில்லை. கடிதத்தின் அடியில் நாம் போடும் 'ப்ளீஸ் ரிவர்ட்', அதாவது பதில் போடுங்கள், இந்திய ஆங்கிலத்தில் பரவலாக உள்ள பழக்கம். பிரிட்டிஷாருக்கோ அமெரிக்கருக்கோ அது பழைய நிலைக்குத் திரும்பச் சொல்வது போலக் கேட்கும்.

தரம் குறைந்தால் 'டவுன்கிரேட்'

மதிப்பெண், வகுப்பு, பதிப்பு போல அளவுகோல் உள்ளவற்றுக்கு 'டவுன்கிரேட்'. 'கிரேட்' இங்கே முதலில் சாலையின், ரயில்பாதையின் சரிவைக் குறித்தது. இறக்கப் பாதை என்பதுதான் பழைய பொருள். 2011 ஆகஸ்ட் 5 அன்று ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் கடன் தரத்தை ஏஏஏ-விலிருந்து ஏஏ பிளஸ்ஸாகக் குறைத்தபோது எல்லாப் பத்திரிகையும் போட்டது இந்தச் சொல்லைத்தான். ஒரு நாட்டை 'டிமோட்' செய்ய முடியாது. விமானத்தில் பிசினஸ் வகுப்புக்குச் சீட்டு வாங்கியவரை எகானமியில் உட்கார வைத்தால் அதுவும் டவுன்கிரேட். உள்நாட்டுப் பயணத்தில் பயணியின் சம்மதமின்றி இப்படிச் செய்தால், வரியுட்பட அந்தச் சீட்டின் விலையில் 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும் என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் 2023இல் விதித்தது. கோரிக்கைக் கடிதத்தில் 'இன்வாலன்டரி டவுன்கிரேட்' என்று எழுதுங்கள். விமான நிறுவனங்களின் விதிப் புத்தகத்தில் இருக்கும் சொல் அது.

'டிகிரேட்' எழுத்தில் மட்டும் இதற்கு நெருக்கம். ஒரு காலத்தில் பதவிச் சின்னங்களைப் பறித்து இறக்குவதை அது குறித்தது. பிரெஞ்சு ராணுவ அதிகாரி டிரேஃபஸை, செய்யாத துரோகத்துக்காக, 1895 ஜனவரி 5 அன்று பாரிஸ் ராணுவப் பள்ளி முற்றத்தில் நிறுத்திப் பட்டைகளையும் பொத்தான்களையும் பிய்த்து, வாளை ஒடித்த சடங்கின் பெயரே 'டிகிரடேஷன்'. இன்று அந்தப் பொருள் வரலாற்று நூல்களோடு நின்றுவிட்டது. இப்போது 'டிகிரேட்' என்றால் மானத்தைக் குலைப்பது, அல்லது மண்ணும் பிளாஸ்டிக்கும் சிதைவது. 'தி மேனேஜர் டிகிரேடட் மீ' என்று எழுதினால், பதவியைக் குறைத்தார் என்று யாரும் படிக்க மாட்டார்கள். அவமானப்படுத்தினார் என்றுதான் படிப்பார்கள்.

மற்ற உறவுக்காரர்களை வேகமாகப் பார்த்துவிடலாம். 'பஸ்ட்' அமெரிக்க ராணுவக் கொச்சை: சார்ஜன்டைச் சிப்பாயாக்கினால் 'பஸ்டட் டு பிரைவேட்'. அலுவல் கடிதத்தில் வேண்டாம். 'சைட்லைன்' என்பது நம் 'ஓரங்கட்டு' அச்சு அசலாக. பதவி இருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். 'டிபோஸ்' அரியணையிலிருந்தோ தலைமைப் பதவியிலிருந்தோ இறக்குவது. இறங்கியவருக்கு வேறு இடம் தரப்படுவதில்லை. 'கன்சைன்' ரெலிகேட்டைவிட இறுதியானது: குப்பைக்கு, நெருப்புக்கு, மறதிக்கு. 'ஷெல்வ்' ஆளுக்குப் பொருந்தாது, திட்டத்துக்குத்தான். தமிழில் கிடப்பில் போடுதல். பிரிட்டிஷார் சொல்லும் 'கிக் அப்ஸ்டேர்ஸ்' இந்தக் குடும்பத்திலேயே குறும்புக்காரப் பிள்ளை: பெரிய பட்டம், பெரிய அறை, கையெழுத்துப் போட ஒரு கோப்பும் வராது.

'ரெலிகேட்'டைத் தமிழாக்கும்போது ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். அணி என்றால் 'கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது'. ஆள் என்றால் 'ஓரங்கட்டப்பட்டார்' அல்லது 'பின்னுக்குத் தள்ளப்பட்டார்'. பாத்திரம், புத்தகம் என்றால் 'பரணுக்குப் போனது'. பிரச்சினை என்றால் 'பின்வரிசைக்குப் போனது'. 'பதவியிறக்கப்பட்டார்' மட்டும் பெரும்பாலும் பொருந்தாது. அதை டிமோட்டுக்கு விட்டுவிடுங்கள்.

ஊரை விட்டு அனுப்புவதைத் தண்டனையாக்கிய சொற்கள் இன்னும் உண்டு. 1914இல் போரில் சொதப்பிய பிரெஞ்சுத் தளபதிகளைப் போர்முனையிலிருந்து தொலைவிலுள்ள லிமோஜ் நகரத்துக்கு அனுப்பியதால், பதவியிலிருந்து தூக்கு என்பதற்குப் பிரெஞ்சில் 'லிமோஜே' என்றே ஒரு வினை நிலைத்துவிட்டது. கல்லூரியில் நாம் கேட்கும் 'ரஸ்டிகேட்' லத்தீனில் நாட்டுப்புறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மாணவனைக் கிராமத்துக்கு அனுப்பிவைத்தல். ஆக்ஸ்ஃபோர்டில் அது கொஞ்ச காலத்துக்கான விலக்கு, அடுத்துத் திரும்பி வரலாம். நம் கல்லூரிகளில் நிரந்தரமாக நீக்குவதற்கும் அதையே சொல்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டில் நிரந்தரமாக நீக்கினால் 'சென்ட் டவுன்'. அதே 'சென்ட் டவுன்' பிரிட்டிஷ் நீதிமன்றச் செய்தியில் வந்தால் சிறைக்குப் போனார் என்று பொருள். அமெரிக்க பேஸ்பால் செய்தியில் வந்தால் வீரர் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பப்பட்டார், ஒருவேளை அடுத்த வாரமே திரும்பி வருவார்.